பெருவிரல் பதிந்த பாகு

அந்த எள்ளுப் பூவை வினோஜா கீறவில்லை.

கீறினது அவள்தான் என்று மூன்று கிழமையாக எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அவள் படிக்கிற வடிவமைப்புக் கல்லூரியில் பவதாரணி மிஸ் நம்பினார். கூடப் படிக்கிற பதினெட்டுப் பேரும் நம்பினார்கள். குறிகட்டுவானில் இறங்குதுறைக்குப் போகிற வீதியோரம் எள்ளுப்பாகு செய்து விற்கிற சரோஜினிதேவி மற்ற எல்லாரையும்விடக் கூடுதலாக நம்பினார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் போனை நீட்டி, "எங்கடை மண்கும்பான் பிள்ளை ஒண்டு கீறித் தந்தது" என்று காட்டிக்கொண்டிருந்தார்.

நடந்தது என்னவென்றால், வினோஜாவுக்குக் கமராவில் படம் எடுக்க வரும், கையால் வரைந்து கீற வராது. பிரான்சில் இருக்கிற தமையன் ஒருமுறை வந்து நின்றுவிட்டுப் போகும்போது தன் பழைய கமராவை அவளிடம் விட்டுவிட்டுப் போனான். மண்கும்பான் கடற்கரையில் பொழுதுபடுகிற நேரம், நயினாதீவுக்குப் போகிற வள்ளம், கோயில் வீதியில் கற்பூரச் சட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து இணையத்தில் போடுவாள். நூறு, நூற்றைம்பது பேர் லைக் போடுவார்கள். அந்தத் துணிச்சலில்தான் டிப்ளோமாவுக்குப் போய்ச் சேர்ந்தாள். முதல் ஆறு மாதம் புகைப்படம். வகுப்பில் அவள்தான் முதல். அடுத்து கிராபிக் டிசைன் வந்தது. அதிலே அவள் நடுவில் எங்கோ போய் விழுந்தாள். கடைசிப் பருவம் பிராண்டிங். ஒவ்வொருவரும் நிசமான ஒரு சின்ன வியாபாரத்தைத் தேடிப் பிடித்து, அதற்கு லோகோ, லேபிள், விளம்பரப் படம் எல்லாம் செய்து கொடுக்கவேண்டும். அதுதான் இறுதி வேலை. அதில் தவறினால் டிப்ளோமா இல்லை.

வினோஜா பிடித்தது சரோஜினிதேவியை.

சரோஜினிதேவிக்கு ஐம்பத்திரண்டு வயது. பிள்ளைகள் இரண்டுபேரும் கனடாவில். அவர்கள் அனுப்புகிறதை எதிர்பார்த்து வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், கடைக்குப் பின்னால் அடுப்பும் உரலும் வைத்து ஒரு குசினி போட்டுப் பத்து வருடமாகப் பாகு இடிக்கிறார். எள்ளை வறுத்து, உழுந்து மாவும் பனங்கட்டியும் சேர்த்து, எண்ணெய் கசியும்வரை உரலில் இடித்து உருட்டுவது. கூட வேலைக்குத் தர்சினி என்றொரு பெண். நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போகிற சனமும் விகாரைக்குப் போகிற சனமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் படகுக்குப் போகவேண்டும். சிங்களச் சனம் "தலகுலி" என்று கேட்டு வாங்கும். இவ்வளவு காலமும் பொலித்தீன் பையில் போட்டு, ஸ்ரேப்ளர் அடித்துக் கொடுத்தார். அண்மையில் யாழ்ப்பாணத்தில் சுப்பர் மார்க்கற் நடத்துகிற ஒரு மனேச்சர் கோயிலுக்குப் போகிற வழியில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "ஒழுங்கான பக்கற்றிலை போட்டுத் தாங்கோ அம்மா, நான் கடையிலை வைக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வினோஜா போய் நின்றது அதற்கு அடுத்த கிழமை. இரண்டு பேருக்கும் அது தோதாக அமைந்தது.

ஆனால் லோகோ வரவில்லை. வினோஜா பதினொன்று செய்தாள். எள்ளுச் செடி, உரல், படகு, உரலுக்குள் படகு. பவதாரணி மிஸ் ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"இது லோகோ இல்லை வினோஜா, படம். நெருப்புப்பெட்டி அளவுக்குச் சின்னனாக்கினா இதிலை என்ன தெரியும்?"

இடைக்கால மதிப்பீட்டுக்கு முதல்நாள், வெளிநாட்டு வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலையைப் போட்டுவைக்கிற ஒரு தளத்தில் அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேசில் நாட்டுப் பெடியன் ஒருவன் தன் படிப்புக்காகச் செய்த வேலை அதிலே இருந்தது. வட்டமாக ஒரு பூ, நடுவிலே பொட்டுப் பொட்டாக விதைகள். எள்ளுப் பூ என்றே அவள் நினைத்தாள். இந்தக் கோடு எப்படி வளைகிறது என்று பார்ப்போம் என்றுதான் அதற்கு மேலே கோடு போட்டாள். போட்டுப் பார்த்தது போட்டபடியே நின்றுவிட்டது. பச்சையை மண்ணிறமாக்கினாள். இரண்டு இதழைக் கொஞ்சம் வட்டமாக வளைத்தாள். கீழே "சரோ எள்ளுப்பாகு" என்று எழுதினாள்.

அடுத்த நாள் வகுப்பில் மிஸ் கனநேரம் திரையையே பார்த்தார். பிறகு திரும்பி, "இப்பதான் உமக்கு விளங்கியிருக்கு" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

பிறகு மாற்றலாம் என்று வினோஜா நினைத்தாள். கைதட்டினதுக்குப் பிறகு மாற்றுவது எப்படி? கண்காட்சிக்குத் தெரிவுசெய்த ஆறு வேலைகளில் அது ஒன்றானது. சரோஜினிதேவி பார்த்துவிட்டு "லச்சணமா இருக்கு பிள்ளை" என்றார். மனேச்சருக்கும் பிடித்தது. அச்சகத்தில் நாள் எடுத்தாகிவிட்டது: திங்கட்கிழமை பின்னேரம் கோப்பைக் கொடுத்தால் வெள்ளிக்கிழமை பக்கற் கைக்கு வரும். ஒவ்வொன்றும் ஒரு படி மேலே போகப் போக, இறங்குகிற படி அவளுக்குத் தெரியாமல் போனது.

அந்தத் திங்களுக்கு முந்தின சனிக்கிழமை காலையில், பக்கற்றின் பின்பக்கத்துக்குப் படம் எடுப்பதற்காக அவள் கமராவோடு குறிகட்டுவானில் போய் இறங்கினாள். கடைக்கு முன்னால் ஏணி ஒன்று நின்றது. ஏணியில் றொஜன் நின்றார். அவர் ஊர்காவற்றுறையில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிறவர். கடைக்குப் புதிதாக அடித்த பலகையிலே, ஒரு மீற்றர் அகலத்துக்கு, அந்தப் பூவைக் கீறி முடித்துவிட்டுக் கீழே எழுத்துக்கு வந்திருந்தார்.

"சரோ அன்ரி உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்று றொஜன் கேட்டார். "திடீரெண்டு காட்டவேணுமெண்டு வைச்சிருந்தவ போலை. எப்பிடி இருக்கு தங்கச்சி?"

"நல்லா இருக்கு அண்ணை."

உண்மையிலேயே நல்லாகத்தான் இருந்தது. அதைப் படம் எடுக்க மட்டும் வினோஜா கமராவைத் தூக்கவில்லை. படகுக்குப் போகிற ஆட்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

றொஜன் பிறஷைத் துடைத்துக்கொண்டு, "மூலையிலை உங்கடை பேரையும் போட்டுவிடவோ?" என்றார்.

"வேண்டாம் அண்ணை."

"ஏன்? நான் வள்ளத்திலை எழுதினாலும் பின்பக்கமா என்ரை பேரைப் போடுறனான். செய்தவையின்ரை பேர் கிடக்கத்தானே வேணும்."

உள்ளே உரல் சத்தத்துக்கு மேலாகச் சரோஜினிதேவியின் குரல் வந்தது. "போடும் றொஜன். வடிவா விளங்கிறமாதிரித் தமிழிலை எழுதும். வினோஜா, மண்கும்பான் எண்டு."

றொஜன் சின்னப் பிறஷை எடுத்துக் கறுப்பில் தோய்த்தார். மூலையில் "வி" என்று எழுதினார். அடுத்த எழுத்துக்குப் பிறஷை வைக்கும்போது வினோஜா ஏணியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ."

அவர் நிறுத்தினார். அவள் நேரே குசினிக்குள் போனாள். சரோஜினிதேவி உலக்கையோடு நின்றார். தர்சினி தட்டத்துக்கு முன்னால் இருந்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, அதை நான் கீறேல்லை."

"எதை?"

"அந்தப் பூவை. வேறை ஒராள் கீறினதைப் பாத்து அப்பிடியே எடுத்தனான். நிறத்தையும் ரெண்டு இதழையும் மட்டும் மாத்தினனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

சரோஜினிதேவி உலக்கையைச் சுவரில் சாத்தினார். கையைத் துடைத்தார். கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு இருந்தார்.

"ஆர் அந்த ஆள்?"

"பிரேசிலிலை ஒரு பெடியன். எனக்குத் தெரியாது. இணையத்திலை கிடந்தது."

"பிரேசிலிலை இருக்கிறவன் குறிகட்டுவானுக்கு வந்து பாக்கப்போறானே?" என்று தர்சினி சிரித்தாள். சரோஜினிதேவி திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் சிரிப்பு அடங்கியது.

"என்ரை பேரெல்லே பிள்ளை அதுக்குக் கீழை கிடக்கு" என்றார் சரோஜினிதேவி. குரல் உயரவில்லை. "எள்ளுக்குள்ளை கடலையை அரைச்சுக் கலந்து விக்கிற ஆக்கள் இருக்கினம். நான் அப்பிடிச் செய்யிறேல்லை. பத்து வருசமா ஒருத்தரும் வந்து என்னை ஒரு சொல்லுச் சொன்னதில்லை. நீர் இதை மூண்டு கிழமைக்கு முந்திச் சொல்லியிருக்கலாம்."

"ஓம் அன்ரி."

"நான் எத்தினை பேருக்குக் காட்டியிட்டன்."

"ஓம்."

"திங்கட்கிழமை அச்சகத்துக்குக் குடுக்கவேணும். வெள்ளிக்கிழமை மனேச்சர் பாத்துக்கொண்டிருப்பார். தெரியும்தானே?"

"தெரியும் அன்ரி."

வினோஜாவுக்கு அழுகை வரவில்லை. கமராவின் பட்டியைக் கையில் சுற்றி, கழற்றி, திரும்பவும் சுற்றிக்கொண்டு நின்றாள். சரோஜினிதேவி எழும்பி அடுப்படிக்குப் போனார். சுடுதண்ணீர்க் கேத்தில் வைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணியோடு வந்தார். ஒன்றை வெளியே றொஜனுக்குக் கொடுத்து, பூவை அழிக்கச் சொல்லிவிட்டு வந்தார். ஒன்றைத் தர்சினிக்குக் கொடுத்தார். மூன்றாவதை வினோஜாவின் முன்னால் வைத்தார்.

"குடியும். குடிச்சிட்டுச் சொல்லும். திங்கட்கிழமைக்குள்ளை வேறை ஒண்டு செய்ய ஏலுமோ, ஏலாதோ? ஏலாதெண்டா ஒளிக்காமல் சொல்லும். நான் வெறும் பேரை அடிச்சுக் குடுத்திட்டுப் போறன்."

"ஏலுமெண்டு நினைக்கிறன்."

"நினைக்க வேண்டாம்."

"ஏலும் அன்ரி."

"சரி."

அவ்வளவுதான். சரோஜினிதேவி உலக்கையை எடுத்தார். கோபம் போய்விடவில்லை, உலக்கை விழுகிற விழுகையில் அது தெரிந்தது. ஆனாலும் வினோஜா தேத்தண்ணியை அடிவரை குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே கழுவி வைத்தாள். வெளியே றொஜன் ஏணியில் ஏறி, வெள்ளை பெயின்றால் பூவை மூடத் தொடங்கியிருந்தார். "வள்ளத்துக்குப் பேர் மாத்தி எழுதாத வருசமே இல்லை" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அவள் எடுக்க வந்தது இறங்குதுறைப் படம். நீலக் கடல், படகு, தூரத்தில் நயினாதீவு. அவள் எப்போதும் எடுக்கிற படம்தான். அதற்காக வீதிக்கு இறங்கி நாலு எடுத்தாள். திரையில் பார்த்தாள். எவருடைய படமாகவும் இருக்கலாம் என்று தோன்றியது. திரும்பிக் குசினிக்குள் வந்து, கமராவை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுத் தர்சினிக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"நானும் உருட்டட்டே?"

"கையைக் கழுவிட்டு வாரும்" என்றாள் தர்சினி.

உரலில் இருந்து எடுத்த எள்ளு பொல்லாத சூடு. அவள் பிடித்த முதல் இரண்டும் தட்டத்தில் வைக்க உதிர்ந்துபோயின. மூன்றாவது நின்றது. தர்சினியின் உருண்டைகள் கடையில் வாங்கின பந்து மாதிரி இருந்தன. இடித்து முடித்ததும் சரோஜினிதேவியும் வந்து பிடிக்கத் தொடங்கினார். மத்தியானம் கடந்து, மேற்குப் பக்க யன்னலால் வெயில் சாய்ந்து தட்டத்தில் விழுந்தபோது வினோஜா கையைக் கழுவிவிட்டுக் கமராவை எடுத்தாள். சும்மா வெளிச்சத்துக்காகத்தான் எடுத்தாள். வரிசையாக உருண்டைகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீட்டாக ஒரு நிழல்.

திரையில் பெருப்பித்துப் பார்த்தபோதுதான் கண்டாள். தட்டத்தின் இடப்பக்கம் இருந்தவை எல்லாம் முழு வட்டம். வலப்பக்கம் இருந்தவை ஒவ்வொன்றிலும் மேலே ஒரு பக்கம் சின்னக் குழி. வெறுங்கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. சாய்ந்த வெயிலில், பிறை மாதிரி, எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வெளிச்சம் தங்கியிருந்தது.

"அன்ரி, இந்தப் பக்கம் கிடக்கிறது ஆர் பிடிச்சது?"

"நான்தான். ஏன்?"

"எல்லாத்திலையும் ஒரு குழி இருக்கு."

சரோஜினிதேவி வந்து தட்டத்தைப் பார்த்தார், கமராவைப் பார்த்தார். "அது கடைசியிலை பெருவிரலாலை ஒரு அமத்து அமத்துவன். அப்பதான் உள்ளுக்கு இறுகியிருக்கோ எண்டு எனக்குத் தெரியும். இறுகாட்டில் நயினாதீவுக்குப் போய்ச் சேரமுந்தி உதிர்ந்துபோம்."

"தர்சினி அக்கா அமத்திறேல்லையோ?"

"எனக்குச் சூடு தாங்காது" என்றாள் தர்சினி. "கையாலை உருட்டிப்போட்டு விட்டுடுவன்."

வினோஜா தட்டத்தைத் திருப்பித் திருப்பி வைத்து, ஒன்றைத் தனியே எடுத்து, யன்னல் விளிம்பில் வைத்து, வெயில் இறங்கும்வரை எடுத்தாள். சரோஜினிதேவியின் பெருவிரல் அமத்துகிறதையும் எடுத்தாள். நகத்தின் ஓரமெல்லாம் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. அதை எடுக்கவேண்டாம் என்று அவர் கையை இழுத்தார். "இது பக்கற்றுக்கு இல்லை அன்ரி, எனக்குப் பாத்துக் கீற" என்றதும் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்கும்பான் வீட்டில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். யன்னல் விளிம்பில் வைத்து எடுத்த ஒற்றை உருண்டையின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினாள். சாம்பல் நிறம் எல்லாம் கறுப்பாகவோ வெள்ளையாகவோ போகும்வரை நிற வேறுபாட்டைக் கூட்டினாள். கடைசியில் இரண்டுதான் மிஞ்சின: கொஞ்சம் கோணலான ஒரு கறுப்பு வட்டம், மேலே ஒரு பக்கம் வெள்ளையாகப் பெருவிரல் அளவு ஒரு குழி. அதைப் பார்த்துத் தாளில் பென்சிலால் கீறினாள். கை நடுங்கின கோடுகளை முதலில் திருத்தினாள். பிறகு திருத்தினதை அழித்துவிட்டுக் கோணலாகவே விட்டாள். மேலே எள்ளு விதை போட்டுப் பார்த்தாள், பிடிக்கவில்லை. எடுத்துவிட்டாள். அச்செடுத்து நெருப்புப்பெட்டி அளவுக்கு வெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்தாள். குழி தெரிந்தது.

சமையலுக்கு நடுவில் அம்மா வந்து பார்த்துவிட்டு, "என்ன இது?" என்றார்.

"பாகு."

"ஓம், பாகுதான்" என்றுவிட்டு அம்மா போனார். அந்தப் பதில் வினோஜாவுக்குப் போதுமாக இருந்தது.

பின்னேரம் வேறொரு வேலை செய்தாள். இதே மாதிரி வேறு யாரும் எங்கேயாவது செய்திருக்கிறார்களா என்று தேடித் தேடிப் பார்த்தாள். இரண்டு மணித்தியாலம் தேடியும் கிடைக்கவில்லை.

திங்கள் காலை முதல் பஸ்ஸில் குறிகட்டுவானுக்குப் போனாள். சரோஜினிதேவி கடை திறந்து, படியில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, ஆரோ கடிச்சுப்போட்டு வைச்சமாதிரி இருக்கு?"

வினோஜா தாளைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினாள். பிறகு போனை எடுத்து, யன்னல் விளிம்பில் இருந்த உருண்டையின் படத்தைக் காட்டினாள். அடுத்தது, கறுப்பு வெள்ளையாக்கின படம். அடுத்தது, பென்சில் கோடு. சரோஜினிதேவி உள்ளே போனார். ஒரு பாகை எடுத்துவந்து தாளில், கீறின வட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெருவிரலைக் கொண்டுபோய்க் கீறியிருந்த குழிக்கு மேலே வைத்தார்.

"ஓம்" என்றார். "இது என்ரைதான்."

"அப்ப குடுக்கட்டே அன்ரி?"

"குடும். கெதியாப் போம், பஸ் திரும்புது."

அந்தப் பஸ்ஸிலேயே யாழ்ப்பாணம் போனாள். அச்சகத்துக்குப் பின்னேரம்தான் போகவேண்டும். அதற்கு முன்னால் மற்ற வேலை இருந்தது. பவதாரணி மிஸ்ஸின் அறை வாசலில் பத்து நிமிடம் நின்றாள், யாரோ வெளியே வந்து "உள்ளை போறீரோ?" என்று கேட்டதும் போனாள்.

சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மிஸ் அந்தத் தளத்தைத் திறக்கச் சொன்னார். பிரேசில்காரனின் பூவையும் வினோஜாவின் பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை நான் உம்மைப் புகழ்ந்தனான்" என்றார்.

"ஓம் மிஸ். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"எனக்கும் கண்டுபிடிக்கத் தெரியேல்லை. அது வேறை." மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "விதி என்னெண்டு தெரியும்தானே? லோகோவுக்குரிய புள்ளி பூச்சியம். கண்காட்சியிலை இருந்தும் எடுக்கவேணும். புதுசைத் தாரும், மற்றப் பகுதிகளுக்கு அதைவைச்சுப் புள்ளி போடுறன். பாஸ் பண்ணுறது மிச்சத்தைப் பொறுத்தது. புதன்கிழமை வகுப்பிலை நீரே எழும்பி நடந்ததைச் சொல்லவேணும்."

வினோஜா படிப்பில் இருந்தே நிறுத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தவள். "அவ்வளவுதானா மிஸ்?" என்ற கேள்வி வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். புதிய லோகோவை மேசையில் வைத்தாள். மிஸ் பார்த்தார். புகழவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. "இதை எதிலையிருந்து எடுத்தனீர்?" என்று மட்டும் கேட்டார். வினோஜா கமராவைத் திறந்து ஒவ்வொரு படமாகக் காட்டினாள். நூற்று முப்பது படம். மிஸ் எல்லாவற்றையும் பார்த்து முடித்தார்.

புதன்கிழமை வகுப்பில் எழும்பி நின்று சொன்னாள். முடித்துத் தன் இடத்தில் இருந்தபோது யாரும் கைதட்டவில்லை, அது நல்லதாகப் போயிற்று. அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்குப் போக வெளிக்கிடும்போது, வகுப்பில் இருந்த வேறு இரண்டு பேர் மிஸ்ஸின் அறை வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறதைக் கண்டாள். பார்க்காத மாதிரித் தாண்டிப் போனாள்.

பிரேசில் பெடியனுக்கும் எழுதினாள். தான் செய்தது, அதைக் கைவிட்டது, மன்னிப்பு, பழைய லோகோவும் புதியதுமாக இரண்டு படங்கள். பதில் வராது என்றுதான் நினைத்தாள். வியாழக்கிழமை வந்தது. சொன்னதுக்கு நன்றி, சொல்லாமல் எடுக்கிறவர்கள்தான் அதிகம் என்று எழுதியிருந்தான். புதிய லோகோ தன்னுடையதைவிட நல்லது என்றும் எழுதியிருந்தான். கடைசியில் ஒரு வரி: "ஆனால் என் பூவை எள்ளுக்கு ஏன் எடுத்தாய்? அது வெங்காயப் பூ. ஒரு விதைக் கடைக்காகக் கீறினது."

வெள்ளிக்கிழமை பக்கற் பெட்டிகளை இறக்க வினோஜாவும் குறிகட்டுவானுக்குப் போனாள். அந்த வரியைத் தமிழாக்கி வாசித்துக் காட்டியபோது சரோஜினிதேவி முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்து சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை. சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூண்டு கிழமையா வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் காட்டித் திரிஞ்சிருக்கிறன் தர்சினி" என்றார். தர்சினி, இந்த முறை பயமில்லாமல், கூடச் சிரித்தாள். வினோஜாவும் சிரித்தாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு சரோஜினிதேவி அவளைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பக்கற் நல்லாக வந்திருந்தது. மண்ணிறத் தாளில் கறுப்பாக அந்தக் கோணல் வட்டம். கீழே மூன்று மொழியிலும் பெயர். பின்பக்கத்தில் வெயில் சாய்ந்த தட்டத்தின் படம். மனேச்சர் வாங்கிப்போனார். "இது என்ன, கடிச்சமாதிரி?" என்று அவரும் கேட்டாராம். "அது என்ரை பெருவிரல்" என்று சரோஜினிதேவி சொன்னாராம். அடுத்த கிழமையிலிருந்து அதைக் கேட்கிற எல்லாருக்கும் அதையே சொன்னார். கேட்கிற ஆட்கள் கையிலே ஒரு பாகை எடுத்துக் குழியைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்கள். தர்சினியும் சூட்டைப் பொறுத்துக்கொண்டு அமத்தப் பழகவேண்டி வந்தது.

டிப்ளோமா முடிவு ஒன்றரை மாதம் கழித்து வந்தது. அறிவிப்புப் பலகையில் தன் பெயரை வினோஜா கீழேயிருந்து மேலே தேடிக்கொண்டு போனாள். நடுவுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. பக்கத்தில் "சித்தி" என்று இருந்தது, தேறிவிட்டாள். புகைப்படத்துக்கு மட்டும் சிறப்புச் சித்தி. மூன்று முறை வாசித்தாள். படியில் இருந்த பவதாரணி மிஸ், "இனி என்ன செய்யப்போறீர்?" என்று கேட்டார். "நயினாதீவிலை ஒராள் மோர்மிளகாய்க்குப் பக்கற் செய்யக் கேட்டிருக்கிறா மிஸ்" என்றாள் அவள். "படம் எடுத்திட்டுத் தொடங்கும்" என்றுவிட்டு மிஸ் போனார்.

பஸ் நிலையத்தில் இரண்டு றோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டாள். குறிகட்டுவான் பஸ்ஸில் யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பண்ணைப் பாலத்தில் ஏறும்போது கடல் காற்று முகத்தில் அடித்தது. தலையைச் சட்டத்தில் சாய்த்தாள்.

போன் அடித்துத்தான் முழித்தாள். பஸ்ஸில் ஒருவரும் இல்லை. வெளியே கடல், படகுக்காரர் யாரையோ கூப்பிடுகிற சத்தம்.

"எங்கை நிக்கிறாய்?" என்று அம்மா கேட்டார். "சோறு ஆறுது."

வினோஜா எழும்பி வெளியே எட்டிப் பார்த்தாள்.

"குறிகட்டுவானிலை அம்மா."

"அங்கை ஏன் போனனீ?"

"நித்திரை கொண்டிட்டன். மண்கும்பான் தாண்டினதே தெரியேல்லை."

"பாஸோ?"

"ஓம், பாஸ்."

"அப்ப சரி. அடுத்த பஸ்ஸிலை வா" என்றார் அம்மா.

அடுத்ததாகத் திரும்பப் போவதும் அதே பஸ்தான், அதற்கு முக்கால் மணித்தியாலம் இருந்தது. கொண்டக்ரர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். வினோஜா திரும்ப அதே இருக்கையில் இருந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டிக்கொண்டாள்.